ஃபிளாக் கிடைத்தது, ஆனால் யாருடைய உழைப்பில்?

கேள்வி: ஆன்லைன் சிடிஎஃப் போட்டி (சேலஞ்சை உடைத்து, உள்ளே ஒளித்துவைத்த 'ஃபிளாக்' என்ற ரகசிய எழுத்துவரிசையை எடுத்துச் சமர்ப்பிக்கும் ஹேக்கிங் போட்டி) ஒன்றில் வெப் சேலஞ்ச் சர்வருக்குள் நுழைந்துவிட்டோம். எங்களுக்கு முன்பே வந்த ஓர் அணியின் ஸ்கிரிப்ட் டெம்ப் ஃபோல்டரில் கிடந்தது. ஓட்டிப் பார்த்தால் ஃபிளாக்கே வந்துவிட்டது. "ஹேக்கிங் போட்டியில் விதியை வளைப்பதும் திறமைதான்" என்கிறான் நண்பன். சமர்ப்பிக்கலாமா?

பதில்: அமைப்பாளர்களிடம் கேட்காமல் சமர்ப்பிக்காதீர்கள்.

உங்கள் நண்பர் சொல்வதிலும் பாதி சரி. சேலஞ்சை எழுதியவர் ஒரு வழியை நினைத்திருப்பார், நீங்கள் அவர் யோசிக்காத ஓட்டை வழியாகப் போய் ஃபிளாக்கை எடுப்பீர்கள். அது ஏமாற்று இல்லை. பல போட்டிகளில் அந்த ஓட்டையை அடைத்துவிட்டு, அதே சேலஞ்சை 'ரிவெஞ்ச்' என்ற பெயரில் மறுபடியும் விடுவார்கள். முதலில் எடுத்த புள்ளிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

உங்கள் விஷயம் வேறு. நீங்கள் ஃபிளாக்கை எடுத்தது சேலஞ்சின் ஓட்டையால் அல்ல, இன்னொரு அணியின் வேலையால். எல்லா அணிகளுக்கும் ஒரே சர்வரைக் கொடுத்தது அமைப்பாளர்களின் தவறுதான். ஆனாலும் அணிகள் விடையைப் பகிரக்கூடாது என்று விதி இருந்தால், அந்த அணி தெரியாமல் பகிர்ந்ததாகத்தான் முடியும்.

வேடிக்கை என்னவென்றால், அட்டாக்-டிஃபென்ஸ் வகைப் போட்டியில் இதே காரியம் பாராட்டுப் பெறும். அங்கே ஒவ்வோர் அணிக்கும் தனி சர்வர். எதிரணி உங்களைத் தாக்கும்போது அந்த டிராஃபிக்கைப் பதிவு செய்து, அவர்களுடைய எக்ஸ்ப்ளாய்ட்டை (ஓட்டையைப் பயன்படுத்தித் தாக்கும் நிரலை) பிரித்தெடுத்து மற்ற அணிகள் மேல் ஏவலாம். அங்கே ஆட்டமே அதுதான்.

ஸ்கோர்போர்டை உடைப்பது, சர்வரை மூச்சுமுட்ட வைப்பது, எடுத்தபின் ஃபிளாக்கை அழித்துவிடுவது இவற்றுக்கெல்லாம் விவாதமே வேண்டாம். சேலஞ்சுக்கு வெளியே உங்களுக்கு அனுமதி கிடையாது. அனுமதியில்லாமல் நுழைந்தால் பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம்.

விதியே பிடிக்கவில்லை என்றால்? 2012-இல் பவ்ன்டுஓன் என்ற பிரவுசர் ஹேக்கிங் போட்டியில் எக்ஸ்ப்ளாய்ட்டை முழுதாகக் காட்டாமலே பரிசு வாங்க விதி இடம் கொடுத்தது. கூகுளுக்கு அது ஒப்பவில்லை. ஆதரவை விலக்கிக்கொண்டு, முழு விவரமும் கொடுத்தால்தான் பரிசு என்று பவ்னியம் என்ற தனிப் போட்டியை அதே வாரத்தில் நடத்தியது. குரோமுக்கு முழு எக்ஸ்ப்ளாய்ட்டைக் காட்டுபவருக்கு 60,000 டாலர். பவ்ன்டுஓனிலோ வூப்பன் என்ற பிரெஞ்சு பாதுகாப்பு நிறுவனத்தின் அணி அதே குரோமை உடைத்தது. விதி விட்ட இடத்தில் விளையாடிய அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். குறை விதியில் இருந்தது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: அந்த ஸ்கிரிப்ட்டை அழிக்காதீர்கள், அது உங்களுடையது அல்ல. எத்தனை மணிக்கு, எந்த ஃபோல்டரில் பார்த்தீர்கள், ஓட்டினீர்களா என்பதை மறைக்காமல் அமைப்பாளர்களுக்குத் தனிச் செய்தியாக அனுப்புங்கள். பொது அரட்டையில் போட்டால் அடுத்த நிமிடமே பத்து அணிகள் அந்த ஃபோல்டரில் நிற்கும்.