எண்டூரன்ஸ் என்ற நெடுந்தூரக் குதிரைப் பந்தயத்தில் தீர்ப்பு நியாயமாகச் சொல்கிறார்களா? குதிரைகள் பாவம் இல்லையா?

கேள்வியில் இருக்கும் சூட்டைப் பார்த்தால், பாலைவனத்தில் குதிரை கால் முறிந்து விழும் வீடியோ ஏதோ உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. நான் அபுதாபி பக்கம் ஒரு லாயத்தில் ஆறு வருடம் சாயிஸாக இருந்தவன். குதிரையைத் தேய்த்து, தீனி வைத்து, லத்தி அள்ளுகிற ஆள். "சவாரியே செய்யாதவனுக்கு என்ன தெரியும்" என்று பின்னூட்டம் போடப் போகிறவர்கள் இப்போதே போட்டுவிடலாம்.

120 கிலோமீட்டர் பந்தயம் என்றால் ஒரே மூச்சில் ஓடுவது கிடையாது. சுற்றுச் சுற்றாக ஓடும், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வெட் கேட், அதாவது மருத்துவர்கள் குதிரையைச் சோதிக்கிற இடம். சர்வதேச விதிப்படி வந்த 15 நிமிடத்துக்குள் இதயத்துடிப்பு 64-க்கு இறங்க வேண்டும். நாங்கள் ஐஸ் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றுவது அதற்குத்தான். ஈறைப் பார்ப்பார்கள், தோலைக் கிள்ளி விடுவார்கள், வயிற்றுச் சத்தம் கேட்பார்கள். அப்புறம் குதிரையைக் கயிற்றில் பிடித்து ஓடிக் காட்ட வேண்டும். நொண்டினால் வெளியே. சந்தேகம் வந்தால் மூன்று மருத்துவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் சீட்டில் எழுதுவார்கள். இரண்டு சீட்டு எந்தப் பக்கமோ அதுதான் முடிவு. எழுதி வைத்த வரைக்கும் குறை சொல்ல முடியாது.

ஓடிக் காட்டுவது பெரும்பாலும் சாயிஸ் வேலை. அதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. முன்னங்காலில் வலி இருக்கிற குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். கயிற்றைத் தாடைக்குப் பக்கத்தில் இறுக்கிப் பிடித்தால் தலை ஆடுவது தெரியாது. கயிறு தளர்வாக இருக்க வேண்டும் என்பது விதி. நான் இறுக்கிப் பிடித்தவன். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை, ஒன்பது வயது. நான் குட்டிம்மா என்றுதான் கூப்பிடுவேன். பந்தயத்துக்கு நாலு நாள் முன்னால், இடது முன்னங்கால் கணுவுக்கு மேலே கை வைத்தால் லேசாகச் சுட்டது. ட்ரெய்னரிடம் சொன்னேன். தொட்டுப் பார்த்துவிட்டு "ஐஸ் வை" என்றார். வைத்தேன். சூடு இறங்கியது, அல்லது இறங்கியதாக நினைத்துக்கொண்டேன். குதிரை முடித்தால் எங்களுக்கும் கையில் கொஞ்சம் காசு வரும். அந்த மாதம் ஊரில் தங்கச்சிக்கு வளைகாப்பு.

மூன்றாவது கேட்டில் துடிப்பு சீக்கிரமே 58-க்கு வந்துவிட்டது. எல்லாரும் முதுகில் தட்டினார்கள். ஓடிக் காட்டினேன். நின்றிருந்த பெண் மருத்துவர் குதிரையைப் பார்க்கவே இல்லை, என் கையைத்தான் பார்த்தார். கயிற்றைக் காட்டி, விடு என்று சைகை செய்தார். தளர்த்திவிட்டு மறுபடி ஓடினேன். குளம்புச் சத்தம் ஒன்று அழுத்தி, ஒன்று பட்டும் படாமலும் விழுந்தது. என் தோளுக்குப் பக்கத்திலேயே குட்டிம்மாவின் தலை ஏறி ஏறி இறங்கியது. மூன்று சீட்டில் இரண்டு, வெளியே.

ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதா என்று ட்ரெய்னர் என்னைத் திட்டினார். நான் அந்த அம்மாவைத் தமிழில் திட்டினேன். ராத்திரி கால்கட்டை அவிழ்த்தால் கணுவுக்கு மேலே வீங்கி உருண்டிருந்தது. இன்னொரு சுற்று ஓடியிருந்தால் தசைநார் அறுந்திருக்கும் என்றார் லாயத்து மருத்துவர். நாலு மாதம் வெறும் நடைதான்.

மூன்றாவது சீட்டில் 'ஓடலாம்' என்று எழுதியவரை நான் திருடன் என்று சொல்ல மாட்டேன். காலையிலிருந்து வெயிலில் குதிரை குதிரையாகப் பார்த்துக்கொண்டிருப்பவர். அவர் கண்ணில் படுவது அந்தச் சின்ன ஓட்டம் மட்டும். நாலு நாள் சூடு என் கைக்குத்தான் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்றால், வளைகாப்பு இருந்ததே.

என் கணக்கில் பெரிய குற்றம் வேகத்தின் மேல்தான். மேடு பள்ளம் இல்லாத தடம், பெரிய பரிசு, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டுகிற ஓட்டம். குதிரைகள் அடிபடுவதையும் விதி மீறலையும் காரணம் காட்டி, 2015 மார்ச்சில் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அமீரகக் கூட்டமைப்பையே இடைநீக்கம் செய்தது, ஜூலையில் திரும்பச் சேர்த்தது. ஆனால் அதே அமீரகத்தில் பூதிப் என்ற இடத்தில் வேகம் மணிக்கு 20-ஐத் தாண்டக்கூடாது, துடிப்பு 56-க்கு இறங்க வேண்டும் என்று வைத்தார்கள். அங்கே ஒருமுறை போனேன். குதிரைகள் வந்து நின்றதும் தீனியைத் தேடின. இதை வீடியோ எடுத்து யாரும் போடுவதில்லை. அமெரிக்காவில் 1955-இல் தொடங்கிய டெவிஸ் கோப்பைக் குதிரைப் பந்தயத்தில் 160 கிலோமீட்டர் மலைப்பாதைக்கு 24 மணி நேரம். முதல் பத்தில் வந்த குதிரைகளில் எது நல்ல நிலையில் இருக்கிறதோ, அதற்கு ஹேகின் கோப்பை என்று தனிப் பரிசு.

சரி, கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். "அரபிக்காரன் குதிரையைச் சாகடிக்கிறான்டா" என்று வழி நெடுக எனக்குப் பாடம் எடுத்த பெரியப்பா மகன், ஏரிக்கரையில் விலா எலும்பு தெரிகிற குதிரையில் ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுத்தார். எண்பது கிலோ உடம்பு. வாடகையில் பேரம் வேறு. குதிரை ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைத்தது. குதிரைக்காரத் தம்பியிடம் கேட்டுக் குளம்பைத் தூக்கிப் பார்த்தேன், கல் ஒன்று சிக்கியிருந்தது. நெம்பி எடுப்பதற்குள், "விடுடா, ரவுண்டுக்கு டைம் போகுது" என்றார் அண்ணன்.