வியாண்டன்: கூரை போன கதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

லக்சம்பர்க்கின் வியாண்டன் பற்றி முன்பு ஒரு கட்டுரையின் நடுவே இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதை நம்பி, ஜெர்மனியில் நான் இருக்கும் ட்ரியரிலிருந்து ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். டீகிர்ஷில் பஸ் ஏறினேன். அந்த நாட்டில் பஸ்ஸுக்கு டிக்கெட் கிடையாது என்று தெரிந்திருந்தும் கை தானாகப் பர்ஸைத் தேடியது. காட்டுச் சரிவில் ஒரு வளைவு திரும்பியதும் கோட்டை முழுசாகத் தெரிந்தது. ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. கீழே ஓடும் ஆற்றின் பெயரை ஜெர்மன்காரர்கள் ‘ஊர்’ என்று சொல்வதைக் கேட்டுச் சிரித்தேன்.

கோட்டைக்குள் ஒரு பழைய புகைப்படம் இருந்தது. வெறும் சுவர்கள், கூரையே இல்லை. விசாரித்தால், 1977க்குப் பிறகு தொடங்கிய புதுப்பிக்கும் வேலை 1990இல்தான் முடிந்ததாம். நான் பார்த்துப் பிரமித்தது என்னைவிட வயதில் சிறிய கோட்டை! ஏமாந்துவிட்டதாகவே தோன்றியது. இடிபாடாகவே விட்டிருக்கக் கூடாதா? பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ வந்து ரசித்தது அந்த இடிபாட்டைத்தானே?

இன்னொன்று. அக்டோபரில் அம்மா வருகிறார். அவருக்கு முழங்கால் வலி. அங்கே அழைத்துப் போகலாமா?

பெயர் வேண்டாம்,
ட்ரியர் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதல் தடவை நானும் உங்களைப் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரும்பினேன். இரண்டாம் தடவை போனது ஒரு நவம்பரில். ஊரிலிருந்து மலைக்கு ஏறும் நாற்காலி லிஃப்ட் அந்தக் குளிரில் ஓடாது என்பதை விசாரிக்காமல் போய் நின்றேன். நடந்தே ஏறினேன். ஓக் மரங்கள் இலையுதிர்த்திருந்ததால் கோடையில் மறைந்திருக்கும் சுவர்களெல்லாம் வெளியே தெரிந்தன. மூச்சு வாங்க நின்ற இடத்தில் ஒரு சுவரைப் பக்கத்திலிருந்து பார்க்க வாய்த்தது. கீழே கற்கள் ஒழுங்கில்லாமல், சுண்ணாம்பு அரித்துப் போய், இடுக்குகளில் பாசியோடு இருந்தன. ஓர் ஆள் உயரத்துக்கு மேலே கற்களின் நிறம் மாறியது. பூச்சு வெளுப்பாக, வரிசை நேராக. ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி. அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கோட்டை பிடித்தது.

இடிபாடாகவே விட்டிருக்கலாம் என்கிறீர்கள். அந்த இடிபாடு எப்படி வந்தது? காலம் தின்று தீர்த்தது என்று நினைத்தால் தவறு. பதினொன்றாம் நூற்றாண்டிலிருந்து பதினான்கு வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய கோட்டை அது. 1417இல் நாசாவ் என்ற ஜெர்மன் பிரபு குடும்பத்துக்குப் போனது. அந்த வழியில் வந்தவர்தான் நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லியம். 1820இல் அவர் இந்தப் பாட்டன் சொத்தை வென்ஸல் கோஸ்டர் என்ற உள்ளூர்க்காரருக்கு 3,200 கில்டருக்கு (அன்றைய டச்சு நாணயம்) விற்றார். வாங்கியவருக்குக் கோட்டை வேண்டியிருக்கவில்லை. அதிலிருந்த சரக்குதான் வேண்டியிருந்தது. கூரையைப் பிரித்தார், உத்தரங்களை இறக்கினார், கதவு முதல் எது பெயர்ந்து வந்ததோ அதையெல்லாம் விற்றார். 1827இல் அதே மன்னர் எஞ்சியதைத் திரும்ப வாங்கினார். விலை 1,100 கில்டர். ஏழு வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பு சில்லறை விற்பனையில் போய்விட்டது. கூரை போனபின் சுவருக்கு என்ன ஆயுள் என்பது ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் மழை சுவரின் தலையில் இறங்கும். பிறகு பனிக்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கும்.

ஹ்யூகோவுக்கு வருவோம். 1862இலேயே அவர் வியாண்டனுக்கு வந்திருக்கிறார். ஆனால் நீண்ட தங்கல் 1871இல். பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் எழுச்சி தோற்று ஓடிவந்தவர்களுக்கு பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் தன் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று ஹ்யூகோ பகிரங்கமாக அறிவித்தார். பெல்ஜியம் அவரை வெளியேற்றியது. வியாண்டனில் பாலத்தை ஒட்டிய வீட்டில் ஏறக்குறைய இரண்டரை மாதம் இருந்தார். அப்போது ஒரு படம் வரைந்தார். ஒரு சிலந்தி வலை, அதன் பின்னால் கோட்டை. சட்டத்துக்குள் பெரிதாகத் தெரிவது சிலந்தியின் வேலைதான். அவர் பார்த்த இடிபாட்டுக்கு அப்போது வயது 51. நீங்கள் பார்த்த கூரையும் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. எந்த வயதில் ஒன்று ‘உண்மையான பழசு’ ஆகிறது?

முழுக்கக் கோட்டையைப் புதுப்பித்தவர்கள் பக்கம் நின்று பேசவும் எனக்கு மனமில்லை. சில அறைகளில் கொண்டுவந்து வைத்திருக்கும் தட்டுமுட்டுச் சாமான்களும் கவசங்களும் திருமண மண்டப அலங்காரத்தைத்தான் நினைவுபடுத்துகின்றன. அவற்றை நான் வேகமாகக் கடந்துவிடுவேன். மூவிதழ் வளைவுச் சாளரங்கள் வரிசையாக இருக்கும் நீண்ட மண்டபத்தில் நின்றீர்களா? அங்கே சாமான் எதுவும் தேவைப்படவில்லை, பள்ளத்தாக்கே போதும். பிறகு அந்த இரட்டைத் தேவாலயம். மேல்தளத்தின் நடுவில் தரையில் ஒரு திறப்பு. பிரபு குடும்பம் மேலே. கீழ்த்தளத்தில் நிற்கும் சாதாரண ஜனங்களுக்கு அந்தத் திறப்பின் வழியாகப் பூசைச் சத்தம் மட்டும் போய்ச் சேரும். நான் குனிந்து கீழே பார்த்தேன். இருட்டும் கொஞ்சம் குளிர்காற்றும்.

கோட்டை புதிது என்று வருந்தும் நீங்கள் காட்டையும் ஆற்றையும் சும்மா விட்டுவிட்டீர்களே! அந்தச் சரிவுகளில் பல இடங்களில் ஓக் மரங்கள் ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டுகளாகக் கிளைத்திருப்பதைக் கவனியுங்கள். அவை தோல் பதனிடும் பட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாக வெட்டி, மறுபடி துளிர்க்கவிட்ட மரங்கள். நம் ஊரில் ஆவாரம்பட்டை செய்த வேலையை அங்கே ஓக் பட்டை செய்தது. ஊருக்கு மேலே அணை இருக்கும் இடத்தின் பெயர் லோமூலே. அந்தப் பட்டையை அரைத்த ஆலை என்று பொருள். அணைக்கு மேலே உங்கள் ‘ஊர்’ ஆறு நீண்ட ஏரியாகத் தேங்கி நிற்கிறது. 1964இல் திறந்த மின்நிலையம் தேவை குறைவான நேரத்தில் அந்தத் தண்ணீரைச் சுமார் 280 மீட்டர் மேலே, மலையுச்சித் தொட்டிக்கு ஏற்றும். தேவை கூடும்போது கீழே விடும். இன்று அதன் திறன் ஏறத்தாழ 1,300 மெகாவாட். இயற்கை என்று நீங்கள் புகைப்படம் எடுத்ததில் பாதி மலைக்குள் குடைந்த இயந்திர அறையின் கணக்கில் வரும்.

மறுபடி உங்கள் இடிபாட்டுக்கு வருகிறேன். 1944 நவம்பர் 19இல் லக்சம்பர்க் எதிர்ப்புப் படையினர் சுமார் முப்பது பேர் கோட்டையின் இடிபாட்டிலும் ஊரிலும் நின்று, தங்களைப் போலப் பல மடங்கு எண்ணிக்கையில் வந்த நாஜி எஸ்எஸ் படையைத் தடுத்தார்கள். நாட்டிலேயே கடைசியாக, 1945 பிப்ரவரியில்தான், வியாண்டன் விடுதலை பெற்றது. கூரையில்லாத சுவருக்கும் அன்று வேலை இருந்தது. இதை உங்கள் வாதத்துக்கு ஆதரவாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இனி அம்மா. தாராளமாக அழைத்துப் போங்கள், நாற்காலி லிஃப்ட் மட்டும் வேண்டாம். அது நிற்காது, ஓடும்போதே உட்கார வேண்டும். உச்சியில் இறங்கியபின் கோட்டைக்குச் சரிவில் நடக்க வேண்டியிருக்கும். இறக்கம்தான் முழங்காலுக்கு எமன். பாலத்தருகே தொடங்கி, கடைவீதி வழியே மெதுவாக ஏறுங்கள். நடுவழியில் திரித்துவத் துறவிகளின் கோதிக் தேவாலயம் வரும், 1248ஆம் ஆண்டினது. நடுவே ஒரே வரிசைத் தூண்கள் நின்று உள்மண்டபத்தை இரண்டாகப் பிரிக்கும். அம்மா அங்கே உட்காரட்டும். கோட்டைக்கு நீங்கள் மட்டும் போய்வந்தாலும் குறையில்லை.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு வால்நட் சந்தை. கூட்டம் தாங்காது, காலையிலேயே போய்விடுங்கள். வால்நட் ரொட்டி, வால்நட் கேக் எல்லாம் சைவம்தானா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். தொத்திறைச்சியில்கூட வால்நட் போடுகிறார்கள். கறுப்பாக, சின்னக் குப்பியில் விற்பதை அம்மா கஷாயம் என்று நினைத்து மூட்டுவலிக்கு ஒரு மடக்கு கேட்டால், அது மது என்பதைக் குடிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.