குரல் கேட்டும் நெருங்காத கொயோட்டி

கேள்வி: ஆஸ்டின் நகரில் ஹெச்1பி விசாவில் பணிபுரிகிறேன். என் நண்பரின் குடும்பத்துக்கு டெக்சாஸின் எட்வர்ட்ஸ் பீடபூமியில் வெள்ளாட்டுப் பண்ணை இருக்கிறது. ஆடுகள் குட்டி போடும் இந்தக் குளிர்காலத்தில் கொயோட்டிகள் (ஓநாயைவிடச் சிறிய, நரி போன்ற வட அமெரிக்கக் காட்டுவிலங்கு) குட்டிகளைக் கொன்றுவருகின்றன. முயல் அலறும் ஒலியை எழுப்பும் மின்கருவியை வைத்து அவற்றை வரவழைத்தோம். தொடக்கத்தில் ஓடி வந்தன. சுட்டபோது ஒன்று தப்பியது. இப்போது 300 மீட்டர் தொலைவில் நின்று பார்க்கின்றன, பிறகு வளைந்து போய் மறைந்துவிடுகின்றன. இதைவிட நல்ல கருவி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். கருவியில் குறையில்லை. தப்பிப்போன கொயோட்டி அந்த அலறலையும் வெடிச்சத்தத்தையும் மனித வாடையையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது. இனி அது காதை நம்பி வராது, மூக்கால் உறுதிசெய்த பிறகே வரும். அது வளைந்து போவதாக எழுதியிருக்கிறீர்களே, அது உங்கள் வாடையைத் தேடிப் போகும் நடை.

வேட்டைக்கு முன் இரண்டு செய்திகள். முதலில், கொல்வது கொயோட்டிதானா என்று பாருங்கள். செத்த குட்டியின் தொண்டையில், தாடைக்குச் சற்றுக் கீழே, ஆழமான பல்துளைகளும் தோலுக்கடியில் கன்றிய இரத்தமும் இருந்தால் பெரும்பாலும் கொயோட்டி. பின்தொடை, காது, விலா என்று கண்ட இடமெல்லாம் கிழிந்து, பல ஆடுகள் காயத்தோடு நின்றால், அக்கம்பக்கத்து நாய்களாக இருக்க வாய்ப்பு அதிகம். தோலுக்கடியில் இரத்தக் கன்றலே இல்லையென்றால் குட்டி வேறு காரணத்தால் செத்து, பிறகு தின்னப்பட்டிருக்கலாம்.

இரண்டாவது உங்கள் விசா. டெக்சாஸில் கொயோட்டிக்கு வேட்டைப் பருவம் என்று தனியாகக் கிடையாது. கால்நடையைத் தாக்கும் கொயோட்டியைச் சுடப் பண்ணையாருக்கு வேட்டை உரிமமும் தேவையில்லை. இந்தச் சலுகையை நம்பி நீங்கள் துப்பாக்கியைத் தொட்டுவிடாதீர்கள். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் வைத்திருப்பதாகவே கொள்ளப்படும். ஆகவே மாநில உரிமத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகே களத்தில் இறங்குங்கள். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் பற்றிய விதியும் உண்டு. உரிமம் ஆகஸ்ட் 31 வரைதான் செல்லும். பண்ணைக்குப் போகும் முன் உங்கள் விசா வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இனி காற்று. எச்சரிக்கையான கொயோட்டி ஒலி வரும் இடத்துக்கு நேராக வராது. அந்த இடத்திலிருந்து காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்குச் சுற்றிப் போய் மோப்பம் பிடிக்கும். வாடை நீக்கும் சோப்பும் தெளிப்பானும் இந்த மூக்கை ஏமாற்றா. அவற்றுக்குச் செலவிடும் பணம் வீண் என்பதே என் கருத்து. அது சுற்றிப் போவதைத் தடுக்க முடியாது. ஆனால் உங்கள் வாடையை எட்டுவதற்கு முன்பே அது உங்கள் பார்வையில் படும்படி இடத்தை அமைக்க முடியும்.

உங்கள் பகுதியில் குளிர்காலத்தில் 'நார்தர்' எனப்படும் வாடைக்காற்று வந்து போன மறுநாள் காலையை எடுத்துக்கொள்வோம். காற்று வடக்கிலிருந்து மெல்ல வீசுகிறது. சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்குப் பார்த்து உட்காருங்கள். கருவியை உங்களுக்கு முன்னால் மேற்கே 50, 60 மீட்டர் தள்ளி வையுங்கள். உங்கள் வாடை நேர் தெற்கே போகும். மேற்கிலிருந்து வரும் கொயோட்டி கருவிக்குத் தெற்கே சுற்ற முயலும். அப்போது உங்களுக்குத் தென்மேற்கே இருக்கும் நிலத்தை அது கடந்தாக வேண்டும். அந்தத் தென்மேற்குத் துண்டு வெட்டவெளியாக இருக்கும் இடத்தைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அது 'சீடர்' எனப்படும் ஜூனிபர் மரங்களின் அடர்ந்த புதராக இருந்தால் அங்கே உட்காருவதில் பயனில்லை. கொயோட்டி வந்ததே உங்களுக்குத் தெரியாது. மாலையில் கிழக்குப் பார்த்து உட்காருங்கள், அமைப்பு அப்படியே திரும்பிவிடும். காற்று மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் வீட்டிலேயே இருங்கள். ஒலியும் எட்டாது, அதுவும் சுற்றிச் சுற்றிச் சந்தேகப்படும்.

பெரும்பாலான வேட்டைகள் முதல் ஒலி எழும் முன்பே கெட்டுவிடுகின்றன. வண்டியை மேட்டுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் நிறுத்துங்கள். கதவை அறையாதீர்கள், பேசாதீர்கள், மேட்டின் உச்சியில் வானம் பின்னணியாகத் தெரியும்படி நடக்காதீர்கள். கொயோட்டி படுத்திருக்கக்கூடிய ஓடைப்பள்ளத்தின் மீது உங்கள் வாடை போகாத பாதையில் நுழையுங்கள். புதருக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்ப்பதைவிட, அதன் முன்னால் நிழலில் அசையாமல் உட்காருவது மேல். இதில் அவசரப்படுகிறவருக்கு எந்தக் கருவியும் உதவாது.

300 மீட்டரில் நிற்பது எதனால்? அலறல் கேட்கிறது, அலறும் முயலைக் காணோம். கருவிக்குப் பக்கத்தில் ஒரு குச்சியில் இறகையோ துணித்துண்டையோ காற்றில் ஆடும்படி கட்டுங்கள். கொயோட்டியின் கண் உங்களைவிட்டு அங்கே போகும். ஒலியையும் தொடக்கத்தில் மிகத் தாழ்வாக வையுங்கள். கொயோட்டி அடுத்த புதரிலேயே இருக்கலாம். இடையிடையே நீண்ட மௌனம் விடுங்கள். பத்து நிமிடத்தில் எழுந்துவிடாதீர்கள். கூச்சம் கண்டவற்றுக்கு அரை மணி நேரமாவது தேவைப்படும்.

எந்த ஒலி என்பது பருவத்தைப் பொறுத்தது. வேட்டை விலங்கை ஒலியால் வரவழைக்கும் கலையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர்கள் உங்களுக்கு அருகிலுள்ள மார்பிள் ஃபால்ஸ் ஊரின் பர்ன்ஹாம் சகோதரர்கள். அன்று முயல் அலறல் கொயோட்டிக்குப் புதிது. இன்று அதே பதிவை எல்லோரும் ஒலிக்கிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேரும் காலம். அப்போது இரையின் ஒலியை விட்டுவிட்டு, தனித்த ஒரு கொயோட்டியின் ஊளையை ஓரிரு முறை மட்டும் எழுப்பி, பத்து நிமிடம் சும்மா இருங்கள். தன் எல்லைக்குள் யார் வந்தது என்று பார்க்க அங்கே வாழும் இணை வரும். சண்டைக்கு அழைக்கும் ஊளை வேண்டாம். இளையவை அஞ்சி ஓடிவிடும். சினைக்காலம் சுமார் 63 நாள். குட்டிகள் பிறந்த பின், மே முதல் கோடை முழுவதும், கொயோட்டிக் குட்டி வலியில் கத்தும் ஒலிக்குத் தாய் தந்தை இரண்டுமே வரும். முயல் அலறல் நன்றாகப் பலிப்பது, இளசுகள் பிரிந்து அலையும் அக்டோபர், நவம்பரில்தான். வாயால் ஊதும் ஊதலைப் பழகிக்கொள்ளுங்கள். எந்தப் பதிவிலும் இல்லாத குரல் அதில் வரும்.

வந்துவிட்டால் ஓடும்போது சுடாதீர்கள். வாயால் ஒரு முறை 'வுஃப்' என்று குரைத்தால் பெரும்பாலும் ஒரு நொடி நிற்கும். பின்னால் மண்மேடு இருக்கிறதா, அது நாய் அல்லவா என்று பார்த்து, உறுதியான தொலைவில் மட்டும் சுடுங்கள். உறுதியில்லையென்றால் சுடாமல் விட்டுவிடுங்கள், குறிதவறிய ஒவ்வொரு குண்டும் இன்னொரு கொயோட்டிக்குப் பாடம். அதே இடத்தில் சில வாரங்களுக்கு மீண்டும் ஒலிக்க வேண்டாம்.

எத்தனை கொன்றோம் என்ற கணக்கை நண்பரிடம் மறக்கச் சொல்லுங்கள். கலிபோர்னியாவின் ஹாப்லேண்டில் நடந்த ஆய்வுகளில், ஆட்டுக்குட்டிகளைக் கொன்றவை பெரும்பாலும் அந்த இடத்தைத் தன் எல்லையாகக் கொண்ட இணைகளே என்று தெரியவந்தது. வழிப்போக்குக் கொயோட்டிகளை எத்தனை சுட்டாலும் ஆடுகள் சாவது நிற்காது. ஆட்டைத் தொடாத இணை ஒன்று அங்கே குடியிருந்தால் அதைச் சுடாதீர்கள். அது மற்றவற்றை உள்ளே விடாது. குட்டி செத்த இடத்துக்கு அருகிலேயே, செத்த ஓரிரு நாளுக்குள் அழைத்தால் குற்றவாளி வர வாய்ப்பு அதிகம். குட்டி போடும் ஆடுகளை இரவில் கொட்டகைக்கு அருகில் அடைப்பதும், கிரேட் பிரனீஸ் போன்ற காவல்நாய்களைக் குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்ப்பதும் துப்பாக்கியைவிட அதிகம் காப்பாற்றும். காவல்நாய் இருக்கும் மேய்ச்சல் நிலத்தில் ஊளையோ குட்டிக் கத்தலோ ஒலிக்கும் முன் நாயைக் கட்டிவையுங்கள். கொயோட்டிக்கு முன் அதுதான் ஓடி வந்து உங்கள் குறிக்குள் நிற்கும்.