உம்பளச்சேரிக்கு ஒரு சங்கம்: கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகள்

காவிரி டெல்டாவின் நாட்டு உழவு மாடான உம்பளச்சேரியைப் பற்றிப் போன முறை எழுதியதற்குக் கொள்ளிடக் கரையிலிருந்து வில்லியனூர் வரை பலரிடமிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: மாடு வைத்திருக்கும் நாமே சேர்ந்து சங்கம் வைத்து இந்த இனத்தைத் தூக்கி நிறுத்த முடியுமா? முடியும் என்று முழுமனதாக நம்புகிறேன். முப்பது வருடமாக மாட்டுக் கொட்டில்களில் நின்று பார்த்ததை வைத்து, ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (காட்டுமன்னார்கோவில்): எங்கள் பக்கத்தில் பதினைந்து பேரிடம் உம்பளச்சேரி மாடு இருக்கிறது. சங்கம் பதிவு செய்ய எங்கே போக வேண்டும்?

பதிவு அலுவலகத்துக்குக் கடைசியில் போகலாம். தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும், அது பெரிய வேலை இல்லை. முதலில் வாங்க வேண்டியது ஒரு கெட்டி அட்டை நோட்டு.

உலகத்தில் மாட்டினச் சங்கங்கள் பெரும்பாலும் இப்படித்தான் முளைத்தன. இங்கிலாந்தில் ஜார்ஜ் கோட்ஸ் என்பவர் ஷார்ட்ஹார்ன் மாடுகளின் வம்சாவளியைத் தொகுத்து 1822-இல் அச்சிட்டார். மாடுகளுக்கென்று வந்த முதல் வம்சப் பதிவேடு அதுதான். அந்த இனத்துக்குச் சங்கம் வந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து. ஹெர்ஃபோர்டு இனத்திலும் அதே கதை: பதிவேடு 1846-இல், சங்கம் 1878-இல். எந்தக் கன்று எந்தக் காளைக்கு, எந்தப் பசுவுக்குப் பிறந்தது என்று எழுதி வைத்தார்கள். எழுதியதை நம்பியவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். தலைவர், செயலாளர், பேனர் என்று தொடங்கி ஆறு மாதத்தில் கலைந்த சங்கங்களை நம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றிடம்கூட முழுதாக எழுதப்பட்ட ஒரு பக்கம் இல்லை.

நோட்டில் ஒரு மாட்டுக்கு ஒரு பக்கம். காது வில்லையில் உள்ள பன்னிரண்டு இலக்க எண், பிறந்த தேதி, தாய், தகப்பன், நிறமும் குறிகளும், சினைப்பிடித்த தேதி, ஈன்ற தேதி, கன்று ஆணா பெண்ணா. பிறந்த தேதி தெரியாத மாட்டுக்குப் பல்லைப் பார்த்து வயதை எழுதி, பக்கத்தில் ‘பல் பார்த்தது’ என்று குறித்துவிடுங்கள். தகப்பன் யாரென்று உறுதியாகத் தெரியாவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். ஊகித்து எழுதிய ஒரு தகப்பன் பெயர் மூன்று தலைமுறைக் கணக்கைக் கெடுத்துவிடும். காலி இடத்தால் எந்தக் கெடுதலும் இல்லை.

கேள்வி (புவனகிரி): சுத்தமான உம்பளச்சேரிப் பசு என்று சொல்லித்தான் வாங்கினேன். கன்று செவலையாகப் பிறந்திருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. உம்பளச்சேரிக் கன்று பிறக்கும்போது சிவப்பாகவோ பழுப்பாகவோதான் இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறத் தொடங்கும். நெற்றியில் வெள்ளைப் பொட்டு, காலில் வெள்ளை, வால் குஞ்சத்தில் வெள்ளை இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை பிறக்கும்போதே தெரியும். நிறத்தைப் பார்த்துப் பயந்து கன்றை விற்றுவிடாதீர்கள்.

கேள்வி (பாகூர்): இனச் சங்கம் என்பது இறைச்சிக்காக மாடு வளர்க்கும் நாடுகளின் ஏற்பாடு. அவர்களுக்கு எடை முக்கியம். உழவுக்கும் ஏதோ கொஞ்சம் பாலுக்கும் நாம் வைத்திருக்கும் மாட்டுக்கு அது எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி. எதற்காக மாடு வளர்க்கிறோம் என்பது மாறும். எழுதி, அளந்து, தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் முறை மாறாது. இதற்கு உதாரணம் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்து ஆந்திராவின் ஓங்கோல் மாடு, நெல்லூர் மாடு என்ற பெயரில் பிரேசிலுக்குக் கப்பலேறியது. அங்கே அதை ‘நெலோர்’ என்று அழைத்து, பதிவேடு போட்டு, தலைமுறை தலைமுறையாக எடை பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று அந்த நாட்டின் இறைச்சி மாடுகளில் பெரும்பங்கு நெலோர் ரத்தம்தான். அமெரிக்காவில் குஜராத்தின் காங்க்ரேஜ், கிர், ஓங்கோல், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளைக் கலந்து ‘பிராமன்’ என்ற இனத்தை உருவாக்கி, 1924-இல் அதற்குச் சங்கமும் வைத்தார்கள். நம் பக்கத்து உழவு மாடுதான் அங்கே போய் இறைச்சி இனம் ஆனது. அது பிறந்த மண்ணில் மந்தை சுருங்கிக்கொண்டே வந்ததை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது.

நம் சங்கம் எடையோடு நின்றுவிடக் கூடாது. சேற்று உழவில் கால் வாங்கும் திறம், தவறாமல் ஈனுவது, வைக்கோலும் வரப்புப் புல்லும் தின்று உடம்பு வைப்பது, சாந்தமான குணம். இந்த நான்கையும் தேர்வில் வையுங்கள்.

கேள்வி (குறிஞ்சிப்பாடி): கன்று வளர்ச்சியை எழுதச் சொல்கிறீர்கள். மாட்டை நிறுத்தும் தராசுக்கு எங்கே போவோம்?

டேப் போதும். முன்னங்காலை ஒட்டி, திமிலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அங்குலத்தில் அளக்கவும். பிறகு தோள்முனையிலிருந்து புட்ட எலும்பின் நுனி வரை நீளம். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வந்துவிடும். சுற்றளவு 60, நீளம் 52 என்றால் 60 × 60 × 52 = 1,87,200. வகுத்தால் சுமார் 284 கிலோ. கொஞ்சம் முன்பின் இருக்கும். எப்போதும் ஒரே ஆள், ஒரே டேப், காலையில் தண்ணீர் காட்டுவதற்கு முன் என்று வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்கத் தாராளமாகப் போதும். பிறந்த கன்றைத் தூக்கிக்கொண்டு ஆள் எடை பார்க்கும் மெஷினில் ஏறி, அப்புறம் உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள்.

எடையை அப்படியே ஒப்பிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. உங்கள் கன்று பிறக்கும்போது 18 கிலோ, 180-ஆம் நாள் 90 கிலோ. பக்கத்து வீட்டுக் கன்று பிறக்கும்போது 20, 230-ஆம் நாள் 104. பார்த்தவுடன் பக்கத்து வீட்டுக் கன்றுதான் உசத்தி என்று தோன்றும். அமெரிக்க இறைச்சி மாட்டுச் சங்கங்கள் எல்லாக் கன்றையும் 205 நாள் எடைக்குக் கொண்டுவந்துதான் ஒப்பிடுகின்றன. நாள் ஒன்றுக்கு எவ்வளவு ஏறியது என்று பார்த்து, அதை 205-ஆல் பெருக்கி, பிறந்த எடையைக் கூட்ட வேண்டும். உங்கள் கன்று 72 கிலோவை 180 நாளில் ஏற்றியிருக்கிறது, நாளுக்கு 400 கிராம். 205 நாளுக்கு 82, பிறந்த எடை 18, ஆக 100 கிலோ. பக்கத்து வீட்டுக் கன்றுக்கு இதே கணக்கில் 95 கிலோதான் வரும். உங்கள் கன்றுதான் முன்னே நிற்கிறது!

இதில் இன்னும் இரண்டு சங்கதி இருக்கிறது. இறைச்சி மாட்டில் தாய்ப்பால் முழுவதும் கன்றுக்கே போகும், நாம் கறக்கிறோம். ஒரு வீட்டில் இரண்டு காம்பு கன்றுக்கு விடுவார்கள், இன்னொரு வீட்டில் நுரை மட்டும்தான் மிஞ்சும். ஆகவே கறக்கும் பாலின் அளவையும் எழுதாமல் கன்றின் எடையை மட்டும் எழுதினால் தாயின் தரம் தெரியாது, வீட்டாரின் கை பழக்கம்தான் தெரியும். இன்னொன்று, அறுவடை முடிந்து தாள் மேயக் கிடைக்கும் தை மாதக் கன்றை ஐப்பசி அடைமழைக் கன்றோடு ஒப்பிடாதீர்கள். அந்தந்தப் பருவத்துக் கன்றுகளை அவற்றுக்குள்ளேயே ஒப்பிடுங்கள்.

கேள்வி (காரைக்கால்): எங்களிடம் அருமையான பொலிகாளை ஒன்று இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் உள்ள 200 பசுக்களுக்கும் அதையே போட்டால் இனம் சீக்கிரம் தேறிவிடாதா?

தயவுசெய்து வேண்டாம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

ஒரு காளையை அதன் மகளுக்கே சேர்த்தால் பிறக்கும் கன்றின் உள்ளினக் கலப்பு, அதாவது சொந்தத்துக்குள் சேர்வதால் தாய் தகப்பன் இரண்டிடமிருந்தும் ஒரே மரபணு வந்து சேரும் வாய்ப்பு, 25 சதவீதம். ஒரே தகப்பனுக்கு வேறு தாய்களிடம் பிறந்தவை கூடினால் பன்னிரண்டரை சதவீதம். உள்ளினக் கலப்பு ஏற ஏறச் சினைப்பிடிப்பு குறையும், கன்றுச் சாவு கூடும், வளர்த்தி மட்டுப்படும். ஒரு தலைமுறைக்கு இது ஒரு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சொல்லும் வரம்பு. 200 பசுவுக்கு 5 காளை என்றால் தலைமுறைக்குச் சுமார் 2.6 சதவீதம் ஏறும். 15 காளை என்றால் சுமார் 0.9. ஒரே காளை என்றால் பன்னிரண்டரையைத் தாண்டிவிடும். பசுக்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. காளைகளின் எண்ணிக்கைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நம் ஊர்களில் பசு இருக்கும், காளை இருக்காது. காளைக்கன்றைச் சீக்கிரமே காயடித்துவிடுகிறோம், இல்லையென்றால் விற்றுவிடுகிறோம்.

அருமையான காளையிடமும் கண்ணுக்குத் தெரியாத குறை ஒளிந்திருக்கலாம். அமெரிக்க ஆங்கஸ் இனத்தில் 2008-இல் முதுகும் கால்களும் வளைந்து கன்றுகள் செத்துப் பிறந்தன. தேடிப் பார்த்தால் வழி ஒரே ஒரு புகழ்பெற்ற காளையிடம் போய் நின்றது. சினை ஊசி மூலம் ஆயிரக்கணக்கான மந்தைகளில் அதன் ரத்தம் பரவியிருந்தது. பதிவேடு இருந்ததால்தான் மூலத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது, மரபணுச் சோதனை வைத்துக் கட்டுப்படுத்தவும் முடிந்தது. நம்மிடம் அப்படி நடந்தால் ‘தெய்வக் குத்தம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

உங்களுக்கு என் யோசனை: ஐந்தாறு ஊர்க் குழுக்களாகப் பிரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத இரண்டு மூன்று காளைகளை வைத்திருக்கட்டும். இரண்டு ஆண்டு முடிந்ததும் காளைகள் அடுத்த ஊருக்குப் போகட்டும், எப்போதும் ஒரே திசையில். காளை பெற்ற கிடேரி பருவத்துக்கு வரும்போது தகப்பன் அந்த ஊரில் இருக்காது. புது ரத்தம் வேண்டுமென்றால் திருவாரூர் மாவட்டம் கொருக்கை அரசு கால்நடைப் பண்ணையில் உம்பளச்சேரி மந்தை இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான்.

கேள்வி (பண்ருட்டி): பொங்கலுக்குச் சங்கத்தின் சார்பில் மாட்டு அழகுப் போட்டி வைக்கப் போகிறோம். நடுவருக்கு என்ன சொல்வது?

வையுங்கள், ஊர் கூடும், பிள்ளைகள் பார்ப்பார்கள். ஆனால் பரிசு எதற்குக் கொடுக்கிறீர்களோ அதை நோக்கித்தான் இனம் நகரும். அமெரிக்க ஹெர்ஃபோர்டு வளர்ப்போர் 1940-களில் குட்டையாக, திரட்சியாக இருக்கும் காளைகளுக்கே கண்காட்சிப் பரிசுகளை வாரிக் கொடுத்தார்கள். அந்த ஆசையோடு குள்ள மரபணுவும் சேர்ந்து பரவி, 1950-களில் குள்ளக் கன்றுகள் பிறந்தன. அந்த வம்சங்களைக் களைந்தெடுக்கப் பல ஆண்டு ஆயிற்று.

ஆகவே பாதி மதிப்பெண் களத்தில் பார்ப்பதற்கு, மீதிப் பாதி நோட்டில் இருப்பதற்கு. எட்டு ஈற்று ஈன்று இன்னும் கால் திடமாக நிற்கும் கிழப் பசுவுக்குத் தனிப் பரிசு வையுங்கள். சுழி பார்ப்பது வாங்குபவரின் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. சங்கத்தின் மதிப்பெண் தாளில் மட்டும் அதற்கு இடம் வேண்டாம்.

கேள்வி (வில்லியனூர்): என்னிடம் இருப்பது நாட்டு மாடு, ஆனால் உம்பளச்சேரி இல்லை. சங்கத்தில் சேர்ப்பார்களா?

உங்களைத் தாராளமாகச் சேர்க்கலாம். மாட்டைத் தனிப் பகுதியில் எழுத வேண்டும். அதற்கும் அதன் பெண் வாரிசுகளுக்கும் தொடர்ந்து உம்பளச்சேரிக் காளையையே சேர்த்தால் முதல் கன்று பாதி உம்பளச்சேரி, அதன் மகள் முக்கால், பிறகு எண்பத்தேழரை, நான்காம் தலைமுறையில் 93.75 சதவீதம். எந்தப் படியில் முதன்மைப் பதிவேட்டுக்கு ஏற்றுவது என்பதைச் சங்கம் முன்கூட்டியே விதியாக எழுதிவிட வேண்டும். எண்ணிக்கை குறைந்த இனத்தில் கதவை முழுதாகச் சாத்துவது ஆபத்து என்பது என் கருத்து.

கேள்வி (சிதம்பரம்): காளையை ஊர் ஊராக அனுப்பினால் நோய் பரவாதா?

பரவும். முக்கியமாகக் கன்று வீச்சு நோய், அதாவது புரூசெல்லா. மனிதருக்கும் தொற்றி விட்டுவிட்டுக் காய்ச்சல் தரும். ஒவ்வொரு காளையையும் இடம் மாற்றும் முன் ரத்தப் பரிசோதனை செய்யாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். கிடேரிக் கன்றுகளுக்கு நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள் தடுப்பூசி போட வேண்டும். காளைக்குப் போடக் கூடாது. புதுச்சேரிப் பக்கத்தார் குரும்பாப்பேட்டையில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் யோசனை கேட்கலாம். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடாதீர்கள், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

கேள்வி (நெட்டப்பாக்கம்): இவ்வளவும் செய்தால் மாட்டுக்கு விலை கூடுமா?

உடனே கூடாது. பவர் டில்லர் வந்த பிறகு உழவு மாட்டுக்கான தேவை போய்விட்டது, பசுவும் இரண்டு லிட்டருக்கு மேல் கறப்பது அரிது. மதகடிப்பட்டு சந்தையில் உங்கள் மாட்டைப் பிடித்துப் பார்ப்பவருக்கு உடம்பு மட்டும்தான் தெரியும். அதன் தாய் எத்தனை ஈற்று, அக்காள் எப்படி என்று தெரியாது. எழுத்தில் காட்டினால் காளைக்கன்று தேடி வருபவர் சந்தையைத் தாண்டி உங்கள் கொட்டிலுக்கு வருவார். காங்கேயம் பக்கம் பழையகோட்டைப் பட்டக்காரர் மந்தைக்குப் பேர் வந்ததும் பரம்பரையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால்தான். முதல் ஐந்து வருடம் சங்கம் விற்கக்கூடியது வம்சம் தெரிந்த காளைக்கன்றும் கிடேரியும்தான். அதற்கு மேல் ஆசை காட்டி யாரையும் உறுப்பினர் ஆக்காதீர்கள்.

கேள்வி (கடலூர் முதுநகர்): பதிவேட்டை யார் வீட்டில் வைப்பது?

எழுதும் பழக்கம் உள்ளவர் வீட்டில். பெரும்பாலும் அது மாட்டுக்காரரின் மகளாகவோ மருமகளாகவோ இருக்கும், அவரையே பதிவாளராக்குங்கள். மாதம் ஒருமுறை எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து மூன்று பேருக்கு அனுப்புங்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது, எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் பதினெட்டு வருடம் எழுதிய நோட்டு கூரையோடு நனைந்துபோனது. மைப் பேனாவில் எழுதியிருந்தார். மாடுகள் பிழைத்துக்கொண்டன. அவர் வெயிலில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் போட்டு, நீலமாகக் கரைந்திருந்த பக்கங்களில் காளைகளின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். பால்பாயிண்ட் பேனாவில் எழுதுங்கள்.