கையில் இருப்பது மனு, தீர்ப்பு எங்கே?

கேள்வி: 2007-ல் திருச்சியில் எனக்குக் கல்யாணமாகி, கணவரோடு கலிஃபோர்னியா போனேன். ஃப்ரீமான்ட்டில் குடியிருந்தோம், அவருக்கு வேலை சான் ஹோசேயில். ஒத்துவரவில்லை. குழந்தை இல்லை. 2010-ல் இரண்டு பேரும் சேர்ந்தே கோர்ட்டில் எழுதிக்கொடுத்தோம். அடுத்த மாதமே நான் ஊருக்கு வந்துவிட்டேன். அவர் மறுமணம் செய்துகொண்டு நன்றாக இருக்கிறார் என்று கேள்வி. இப்போது எனக்கும் ஒரு வரன் கூடிவந்திருக்கிறது, தையில் முகூர்த்தம் பார்க்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் 'டைவர்ஸ் சர்டிஃபிகேட்' கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது சீல் குத்திய ஒரே ஒரு ஜெராக்ஸ்தான், படம் இணைத்திருக்கிறேன். ஒரு இணையதளத்தில் 40 டாலர் கட்டினால் ரெக்கார்டு தருவதாகப் போட்டிருக்கிறது. கட்டலாமா? அவரிடம் போய் நிற்காமல் வாங்க வழி உண்டா?
– பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: அவரிடம் நீங்கள் போய் நிற்கவே வேண்டாம். கலிஃபோர்னியாவில் விவாகரத்துத் தீர்ப்பு பொது ஆவணம். வழக்கில் ஒரு தரப்பான உங்களுக்கு மட்டுமல்ல, முறைப்படி யார் கேட்டாலும் கட்டணம் வாங்கிக்கொண்டு நகல் தருவார்கள். முன்னாள் கணவரின் சம்மதமோ கையெழுத்தோ தேவையில்லை. நீங்கள் வாங்கியதாக அவருக்குத் தகவலும் போகாது.

அந்த 40 டாலரைக் கட்டாதீர்கள். அப்படிப்பட்ட தளங்கள் தருவது பெயர், ஊர், வருடம் அடங்கிய ஒரு தேடல் பட்டியல்தான். நீதிமன்ற எழுத்தரின் கையெழுத்தும் முத்திரையும் இல்லாத தாளை இங்கே எந்த அலுவலகமும் ஏற்காது.

இனி, நீங்கள் அனுப்பிய படம். பெரிதாக்கிப் பார்த்தேன். அது தீர்ப்பு இல்லை அம்மா, மனு. நடுவில் கொட்டை எழுத்தில் 'ஜாயின்ட் பெட்டிஷன்' என்று தலைப்பு இருக்கிறது. மேலே உள்ள சீல், அந்த மனு இன்ன தேதியில் தாக்கலானது என்பதற்கான அடையாளம். விவாகரத்து கொடுத்தாயிற்று என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை.

நீங்கள் போனது 'சம்மரி டிஸலூஷன்' என்ற குறுக்கு வழி. கல்யாணமாகி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகாத, குழந்தை இல்லாத, வீடு நிலம் இல்லாத, கடன் அதிகம் இல்லாத தம்பதிக்காக வைத்திருப்பது. இருவரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு, ஆறு மாதம் காத்திருந்தால் முடிந்தது. இன்றைக்கு அப்படித்தான். ஆனால் 2012 ஜனவரி 1-க்கு முன் தாக்கலான மனுக்களுக்கு வேறு விதி. ஆறு மாதம் கழிந்ததும் தம்பதியில் யாராவது ஒருவர் 'தீர்ப்பை வழங்குங்கள்' என்று எஃப்.எல்.820 என்ற இன்னொரு படிவத்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் தீர்ப்பு. கொடுக்காவிட்டால் மனு அப்படியே கோப்பில் கிடக்கும். அந்த ஆறு மாதத்துக்குள் ஒருவர் மனம் மாறி மனுவை ரத்து செய்யவும் வழி இருந்தது.

மனு போட்ட அடுத்த மாதம் நீங்கள் இந்தியாவில் இருக்கிறீர்கள். ஆகவே அந்த இரண்டாவது படிவத்தை அவர்தான் கொடுத்திருக்க வேண்டும். மறுமணம் செய்துகொண்டார் என்பதை வைத்துப் பார்த்தால் கொடுத்திருக்க வாய்ப்பு நிறைய. ஆனாலும் அது ஊகம்தான். ஒருவர் மறுமணம் செய்துகொண்டதே முந்தைய திருமணம் முறிந்ததற்கு அத்தாட்சி என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நகல் கேட்கும் முன் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கே தேடுவது? அங்கே விவாகரத்து வழக்கு மாநிலத் தலைநகருக்குப் போவதில்லை. கவுன்டி அளவில் உள்ள சுப்பீரியர் கோர்ட்டில் நடக்கும். கவுன்டி என்பது ஏறத்தாழ நம்மூர் மாவட்டம். கலிஃபோர்னியாவில் 58 கவுன்டிகள். உங்கள் விஷயத்தில் ஒரு சின்னச் சிக்கல்: ஃப்ரீமான்ட் இருப்பது அலமீடா கவுன்டியில், அவர் வேலை பார்த்த சான் ஹோசே இருப்பது சான்டா கிளாரா கவுன்டியில். வழக்குப் போட, தம்பதியில் ஒருவராவது மாநிலத்தில் ஆறு மாதமும் அந்தக் கவுன்டியில் மூன்று மாதமும் குடியிருந்திருக்க வேண்டும். கணக்கில் வருவது குடியிருந்த இடம்தான், வேலை பார்த்த இடம் இல்லை. நல்லவேளையாக உங்கள் ஜெராக்ஸிலேயே விடை இருக்கிறது. இடது பக்கம் நீதிமன்றத்தின் பெயருக்குக் கீழே 'அலமீடா' என்று தெளிவாகத் தெரிகிறது. வலது ஓரத்தில் சிறிய கட்டத்துக்குள் வழக்கு எண். கடைசி எண்கள் மங்கலாக இருக்கின்றன. கையில் உள்ள ஜெராக்ஸ் தாளையே வெயிலில் பிடித்துப் படித்துப் பாருங்கள், பழைய மின்னஞ்சல்களிலும் தேடுங்கள். அந்த எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அலமீடா நீதிமன்றத்தின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுத்து வழக்கு நிலவரத்தைப் பார்க்கலாம்.

எண் கிடைக்கவே இல்லை என்றால் பெயரை வைத்துத் தேட வேண்டும். நம்மவர்களுக்கு இங்கேதான் இடறும். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியிருக்கும். சிலருக்குச் சொந்தப் பெயரே கடைசிப் பெயர் ஆகியிருக்கும். சிலர் கணவர் பெயரைச் சேர்த்திருப்பார்கள். 'த'வுக்கு ஒரு 'எச்' போட்டார்களா, 'ழ'வை எப்படி எழுதினார்கள் என்பதும் உண்டு. ஆகவே 2010-ல் உங்கள் இருவர் பாஸ்போர்ட்டிலும் இருந்த எழுத்துப்படி இரண்டு பெயரையும் கொடுங்கள். உங்கள் பெயரில் சிக்காத கோப்பு அவர் பெயரில் சிக்கும். எண் இல்லாமல் எழுத்தரையே தேடச் சொன்னால், பத்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கும் தேடலுக்கு 15 டாலர் கேட்பார்கள்.

இணையத்தில் தெரிவது நடவடிக்கைப் பட்டியல் மட்டுமே. குடும்ப வழக்கின் தாள்களை வெளியார் வீட்டில் உட்கார்ந்து திறந்து பார்க்க அந்த மாநில விதி இடம் தருவதில்லை. தாள்களுக்கு நீதிமன்றத்துக்கு நேரில் போக வேண்டும், அல்லது தபாலில் கேட்க வேண்டும். அந்தப் பட்டியல்தான் உங்களுக்கு முதலில் வேண்டியது. அதில் 'ஜட்ஜ்மென்ட்' என்று ஒரு வரியும் அதற்கு எதிரே ஒரு தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போகலாம்.

அடுத்த வேலை, நகல் கேட்பது. 'டைவர்ஸ் சர்டிஃபிகேட்' என்று கேட்காதீர்கள். 2010 வழக்குக்கு அப்படி ஒரு சான்றிதழை அந்த மாநிலத்தில் யாரும் தருவதில்லை. மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை ஒரு காலத்து விவாகரத்துகளுக்குச் சான்று தருகிறது, ஆனால் அது 1962-லிருந்து 1984 ஜூன் வரைக்குமானது. உங்களுக்கு வேண்டியது தீர்ப்பின் 'சர்டிஃபைடு காப்பி'. கடிதத்தில் வழக்கு எண், இருவர் பெயர், மனு தாக்கலான ஆண்டு ஆகியவற்றை எழுதி, 'இந்தியாவில் பயன்படுத்த அப்போஸ்டில் வாங்கப் போகிறேன், எழுத்தரின் அசல் கையெழுத்து வேண்டும்' என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள் (அப்போஸ்டில் என்பது ஓர் ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்பதற்காக அரசு தரும் மேற்சான்று). இந்த வரியை விட்டுவிட்டால் நகல் ஊர் சுற்றித் திரும்பி வரும்.

இதற்கான கட்டணம் பெரிதில்லை. விவாகரத்து ஆவணத்துக்குச் சான்றிட 15 டாலர், பக்கத்துக்கு 50 சென்ட். அனுப்பும் முன் நீதிமன்றத்தின் கட்டணப் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பணத்தை அனுப்புவதுதான் தொல்லை. அமெரிக்க வங்கிக் காசோலையோ மணி ஆர்டரோ வேண்டும். உங்கள் திருச்சி வங்கியின் டி.டி. அங்கே போனால் திரும்பிவிடும். திருப்பி அனுப்ப வைக்கும் உறையிலும் அமெரிக்கத் தபால்தலை ஒட்ட வேண்டும். இத்தனை பாட்டுக்குப் பதில், ஃப்ரீமான்ட்டில் இருந்த காலத்துத் தோழி யாராவது இன்னும் அங்கே இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். அலமீடாவில் குடும்ப வழக்குகள் ஹேவர்ட் நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன, ஃப்ரீமான்ட்டிலிருந்து பக்கம்தான். பழைய கோப்பு என்றால் உடனே கைக்கு வராது, தேடி எடுக்கச் சில நாள் கேட்பார்கள் என்று தோழியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தீர்ப்போடு நிறுத்தாமல், உங்களிடம் ஜெராக்ஸாக உள்ள அதே கூட்டு மனுவுக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். ஏன் என்றால், வெளிநாட்டு விவாகரத்து இங்கே எப்போது செல்லும் என்பதை உச்ச நீதிமன்றம் 1991-ல் நரசிம்ம ராவ் வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கின் தம்பதிக்கு 1975-ல் திருப்பதியில் திருமணம். 1980-ல் கணவர் மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் கவுன்டி நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கினார். மனைவி அங்கே போய் வழக்காடவும் இல்லை, அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை. அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. பொதுவிதி, திருமணம் எந்தச் சட்டப்படி நடந்ததோ அந்தச் சட்டம் ஒப்பும் காரணத்துக்காகத்தான் விவாகரத்து தரலாம் என்பது. 'சமரசமாகாத கருத்து வேறுபாடு' என்ற கலிஃபோர்னியாக் காரணம் இந்து திருமணச் சட்டத்தில் கிடையாது. ஆனால் விதிவிலக்குகளும் சொன்னார்கள். அவற்றில் ஒன்று, மற்றத் தரப்பும் மனம் ஒப்பிச் சம்மதித்திருப்பது. உங்கள் இருவர் கையெழுத்தும் உள்ள கூட்டு மனுவைவிட அதற்கு நல்ல அத்தாட்சி ஏது? இத்தனை வருடம் பத்திரப்படுத்திய தாள் வீண்போகவில்லை.

அதே வழக்கில் இன்னொன்றும் நடந்தது. தீர்ப்பின் நகலில் மிசௌரி எழுத்தரின் சான்று இருந்தும், அமெரிக்காவில் உள்ள இந்திய அரசுப் பிரதிநிதியின் மேற்சான்று இல்லை என்று நகலையே சாட்சியமாக ஏற்கவில்லை. 2005-லிருந்து இந்தியாவும் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால், நடைமுறையில் தூதரகத்துக்கு அலைவதற்குப் பதில் அப்போஸ்டில் போதும். அதைக் கவுன்டி நீதிமன்றம் தராது. சேக்ரமென்டோவில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகம் தரும், ஓர் ஆவணத்துக்கு 20 டாலர். எந்த நாட்டுக்கு என்று எழுதச் சொல்வார்கள். 'இந்தியா' என்று எழுதினால் போதும். வெறும் ஜெராக்ஸை அனுப்பினால் ஒட்டித் தர மாட்டார்கள், ஹேவர்ட்டில் வாங்கிய சான்றிட்ட நகல்தான் போக வேண்டும்.

பட்டியலில் 'ஜட்ஜ்மென்ட்' வரியே இல்லை என்றால்? அப்போது சட்டப்படி நீங்கள் இன்னும் மணமானவர். கோப்பு தள்ளுபடி ஆகாமல் இருந்தால் அந்த எஃப்.எல்.820 படிவத்தை நீங்கள் ஒருவரே கொடுத்துத் தீர்ப்புக் கேட்க இடமுண்டு. ஆனால் இதைக் கடிதப் போக்குவரத்தில் நீங்களே செய்ய முயல வேண்டாம், கலிஃபோர்னியாக் குடும்ப வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் நீதிமன்றத்தின் சுய உதவி மையத்தைக் கேட்டுப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் எல்லாக் கவுன்டி நீதிமன்றத்திலும் உண்டு, கட்டணம் கிடையாது.

எல்லாம் கைக்கு வந்த பிறகும் சார்பதிவாளர் தயங்கினால் அவரோடு வாதாடிப் பயனில்லை. திருச்சி குடும்ப நீதிமன்றத்தில், உங்கள் முந்தைய திருமணம் முறிந்துவிட்டது என்று விளம்புகை (நீதிமன்றத்தின் அறிவிப்பு) கேட்டு மனுப் போடலாம். 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. மேலே சொன்ன இரண்டு நகலும் அங்கேயும் வேண்டியிருக்கும், ஆகவே ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்கி வையுங்கள்.

தை முகூர்த்தம் பற்றி. அந்த நடவடிக்கைப் பட்டியலைக் கண்ணால் பார்க்கும் வரை பத்திரிகை அடிக்கக் கொடுக்காதீர்கள், மண்டபத்துக்கு முன்பணமும் கட்டாதீர்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் 'அமெரிக்கக் கோர்ட்டிலிருந்து காகிதம் வர வேண்டியிருக்கிறது' என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். தையில் இல்லாவிட்டால் வைகாசியில் வைத்துக்கொள்ளலாம்.