மின்விலாங்கும் அத்தையின் இமையும்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செல் ஏற்பிகளை, அதாவது செல்லுக்கு வரும் ரசாயனச் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை என் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோய். காலையில் நன்றாக இருப்பார். பொழுது சாயச் சாய இமைகள் இறங்கிவிடும், சோற்றை மென்று முடிப்பதற்குள் தாடை ஓய்ந்துவிடும். ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறார்கள். பக்கத்து வீட்டில் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி எடுப்பவருக்கோ அதே சக்தியைத் தூண்டுகிறார்கள். நீங்கள் இரண்டையும் நோயெதிர்ப்புச் சிகிச்சை என்ற ஒரே பெயரால் குறித்திருந்தீர்கள். அது சரியா? கட்டுரையில் வந்த, மின்னதிர்ச்சி தரும் மீனான மின்விலாங்கை ஆராய்ந்தவர்களால் என் அத்தைக்கு என்ன பயன்?

ஒரு வாசகி, நங்கநல்லூர்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அத்தையின் நோய் இன்னதென்று மருத்துவம் கண்டுகொண்டதே அந்த மீனால்தான்.

நரம்பு நுனியிலிருந்து சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம், தசையின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளில் பொருந்தும்போதுதான் தசை சுருங்குகிறது. இப்படி ஒரு ஏற்கும் பொருள் செல்லில் இருந்தாக வேண்டும் என்று கேம்பிரிட்ஜில் உடலியலாளர் லாங்லி 1905-லேயே சொல்லிவிட்டார் என்றாலும், அதைத் தனியே பிரித்தெடுக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நம் தசையில் அது மிகச் சொற்பம். மின்விலாங்கின் மின்னுறுப்பில் மண்டிக் கிடக்கிறது. அதை இனங்காண உதவிய ஆல்ஃபா பங்காரோடாக்ஸின், தைவானில் கட்டுவிரியன் இனத்துப் பாம்பொன்றின் நஞ்சிலிருந்து கிடைத்தது. ஏற்பியைப் பற்றினால் அது எளிதில் விடாது.

வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தின் பாம்புப் பண்ணையில், துணியால் வாய் கட்டிய மண்பானையிலிருந்து நம்மூர்க் கட்டுவிரியனை வெளியே எடுத்தபோது அருகில் நின்று பார்த்திருக்கிறேன். மினுங்கும் கறுப்பு உடம்பில் சுண்ணாம்பால் கோடு இழுத்தாற்போல வெள்ளை வளையங்கள். அது கடித்தவருக்கும் இமைதான் முதலில் இறங்கும். அங்கே நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை நஞ்சு கெடுக்கிறது. உங்கள் அத்தைக்கு அதே இடத்தை அவருடைய உடம்பே உண்டாக்கிய எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கெடுக்கிறது.

இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்கள் நோயைத் தேடிப் போனவர்கள் அல்லர். கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில் ஜிம் பேட்ரிக்கும் ஜான் லிண்ட்ஸ்ட்ராமும், ஏற்பியை ஆராய்வதற்கு எதிர்ப்பொருள் வேண்டுமென்று விலாங்கின் ஏற்பியை முயல்களுக்குச் செலுத்தினார்கள். முயல்கள் துவண்டு விழுந்தன. விலாங்கின் ஏற்பிக்கு எதிராக உண்டான எதிர்ப்பொருள் அவற்றின் சொந்தத் தசை ஏற்பிகளையும் தாக்கியிருந்தது. மயஸ்தீனியாவுக்குக் கொடுக்கும் மருந்தைச் செலுத்தியதும் அவை எழுந்தன. 1973-இல் வெளியான இந்த முடிவை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும். அதே ஆண்டு பால்டிமோரில் ஃபேம்பிரோ, டிராக்மேன், சத்யமூர்த்தி மூவரும் அந்தத் தைவான் பாம்பின் நஞ்சுக்கே கதிரியக்கக் குறியிட்டு, நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் பெரிதும் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். அத்தைக்கு எதிர்ப்பொருளை அளக்க எடுக்கும் ரத்தப் பரிசோதனையும், அதன் உற்பத்தியைக் குறைக்க ஸ்டீராய்டு கொடுக்கும் நியாயமும் இந்த வழியாக வந்தவை.

இனி, பெயர். எதிர்ப்புச் சக்தி என்பது தொட்டித் தண்ணீர்போல ஏறி இறங்கும் ஒரே சரக்கு அல்ல. நோயெதிர்ப்புச் செல்களுக்கும் தனித்தனி ஏற்பிகள் உண்டு. நோயை எதிர்க்கும் வெள்ளணு வகையான டி செல்லின் மேலுள்ள பிடி-1 என்ற ஏற்பி ஒரு பிரேக். பல புற்றுக்கட்டிகள் அதை அழுத்தித் தப்பிக்கின்றன. அந்தப் பிரேக்கை விடுவிக்கும் மருந்துதான் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கப்படுவதாக இருக்கும். அதற்கு வழிகாட்டிய ஆலிசனும் ஹோஞ்சோவும் 2018-இல் நோபல் பெற்றார்கள். அப்படிப் பிரேக்கை விடுவித்த மிகச் சிலருக்கு உடம்பு தன்னையே தாக்கத் தொடங்கி, மயஸ்தீனியாவே வந்ததுண்டு. ஒரே அமைப்பை ஒருவருக்கு அடக்குகிறார்கள், ஒருவருக்கு அவிழ்த்துவிடுகிறார்கள். ஆகவே இரண்டையும் நோயெதிர்ப்புச் சிகிச்சை என்று எழுதியதில் பிழையில்லை. ஆனால் வேறுபாட்டை அங்கேயே விளக்கியிருக்க வேண்டும், அது என் குறை.

ஒன்றை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று யாராவது பொடியோ கஷாயமோ கொடுத்தால், நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் அத்தைக்குத் தராதீர்கள். சில ஆன்டிபயாடிக்குகளும் மெக்னீசியம் ஊசியும் இந்த நோயைத் திடீரென்று முற்றச் செய்யும். பல் பிடுங்கப் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ தண்ணீர் விழுங்கும்போது புரை ஏறினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.