பூட்டானின் தெருநாய்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பூட்டானில் தெருநாய்கள் அனைத்துக்கும் கருத்தடை செய்துவிட்டார்கள் என்று படித்தேன். இலங்கையும் நாய்களைக் கொல்வதில்லை என்று முடிவெடுத்த நாடு. இரண்டும் பௌத்த தேசங்கள். நாம்தான் நாய்களை அடைப்பதா விடுவதா என்று உச்ச நீதிமன்றத்தில் நிற்கிறோம். கருணையில் அண்டை நாடுகள் நம்மை முந்திவிட்டனவா?

சு., திருச்சி

அன்புள்ள சு.,

இதை மதத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். இதே பூட்டான் முன்பு நாய்களைப் பிடித்துப் பட்டிகளில் அடைத்துப் பார்த்து, பலன் காணாமல் விட்ட நாடுதான். இலங்கையும் 2006 வரை நாய்களைக் கொன்றுகொண்டுதான் இருந்தது. ஆங்கிலேயர் காலத்து 1907-ஆம் ஆண்டின் விலங்கு வதைச் சட்டத்தை, 100 ரூபாய் அபராதத்தோடு, அந்த நாடு விடுதலைக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது. நாமும் பெருமைப்பட முடியாது. நம் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்வரைதான்.

பூட்டான் வென்றது விடாமல் வேலை செய்ததால். 2009-இல் தொடங்கினார்கள். 2021-இல் அரசரின் ஆணையோடு வேகம் கூடியது. கால்நடை மருத்துவர்களோடு ஆரஞ்சுச் சீருடை அணிந்த, டி-சூங் என்ற தேசியத் தன்னார்வப் படையினரும் நாய் பிடிக்க இறங்கினார்கள். கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் சேர்ந்தே நடந்தன. வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப் பொருத்தினார்கள். 1,50,000-க்கும் மேற்பட்ட நாய்களுக்குச் சிகிச்சை முடிந்து, 2023 அக்டோபரில்தான் வெற்றியை அறிவித்தார்கள்.

எட்டு லட்சம் பேர்கூட இல்லாத நாடு, அவர்களால் முடியும் என்பார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. நம் கருத்தடை விதிகள் 2001-லேயே வந்துவிட்டன, பூட்டான் தொடங்குவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே! ஒரு பகுதியில் பத்துக்கு ஏழு நாய்களுக்காவது குறுகிய காலத்துக்குள் கருத்தடை முடிய வேண்டும். இல்லையென்றால் மிச்சமிருப்பவை போடும் குட்டிகளே அந்த இடத்தை நிரப்பிவிடும். நாமோ கடிபட்ட செய்தி வந்ததும் ஒரு தெருவில் பிடிப்போம், பணம் தீர்ந்ததும் நிறுத்துவோம். பிறகு கோபம் நாய்களின் மீது திரும்பும். 2025 ஆகஸ்டில் தில்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், பத்துப் பன்னிரண்டு நாட்களிலேயே அதைத் திருத்தி, ரேபிஸ் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றுக்குக் கருத்தடையும் ஊசியும் போட்டு அதே இடத்தில் விடச் சொன்னது. கடிபட்ட குழந்தையின் பெற்றோருக்கு இந்த அலைக்கழிப்பால் என்ன ஆறுதல் கிடைத்திருக்கும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூட்டானில் ரேபிஸ் பெரும்பாலும் தலைகாட்டுவது இந்தியாவை ஒட்டிய தெற்கு மாவட்டங்களில். அங்குள்ள ஃபுன்ட்ஷோலிங்கும் நம் மேற்கு வங்கத்தின் ஜெய்காவும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள். நாம் ஊசி போடாத நாயால் அவர்கள் உழைப்பும் வீணாகிறது.

திருச்சியில் உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள்: இந்த ஆண்டு எங்கள் வார்டில் எத்தனை நாய்கள், அவற்றில் எத்தனைக்குக் கருத்தடை முடிந்தது? பதிலை எனக்கும் எழுதுங்கள், இங்கே வெளியிடுகிறேன்.